நியூயோர்க் நகரின் பறவை நோக்கு நடைகள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

வரலாறு என்பது அரசர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் மட்டும் கூறுவதன்று. மக்கள் தம் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தனர் என்பதும் அவர்தம் சமூக உறவுகளைக் காட்டும் சான்றாக அமையும். இவ்வகையில் நோக்கத்தக்க ஒரு வழக்கம், பெருநகரப் பூங்காக்களில் நடைபெறும் பறவை நோக்கு நடையாகும். ஏப்ரல், மே மாதங்களின் விடியற்காலைகளில் நியூயோர்க் நகரின் சென்றல் பார்க் எனும் பூங்காவிற்குச் செல்வோர், பத்து இருபது பேர் கொண்ட குழுவொன்று வழிகாட்டி ஒருவரின் பின்னே மெல்ல நடந்து செல்வதையும், அவர் கைகாட்டும் கிளையை அனைவரும் தொலைநோக்கிக் கண்ணாடியினூடாக ஒருமிக்க நோக்குவதையும் காண்பர். வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வழக்கத்தின் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. தனியார் உடைமையாக இருந்த அறிவு பொதுவுடைமையானதும், அப்பொதுமையின் எல்லைகள் எவை என்ற வினா எழுந்ததும் அவ்வரலாற்றின் சாரமாகும். அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்காவின் தோற்றம்

பறவைகள் இப்பூங்காவிற்கு ஏன் வருகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் அத்திலாந்திக் வலசைப் பாதையில் நியூயோர்க் அமைந்துள்ளது. இளவேனிலில் வடக்கு நோக்கியும் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்லும் சிறு பறவைகளுட் பெரும்பாலானவை இரவிலேயே பறப்பன. பொழுது புலரும்போது களைத்துப் பசித்திருக்கும் அவற்றின் கண்ணுக்குக் கீழே கல்லும் கொங்கிறீற்றும் பரந்து கிடக்க, நடுவே நீள்சதுரமான பசுந்திட்டு ஒன்று தென்படுகின்றது. பரந்த காட்டில் சிதறி இறங்க வேண்டிய பறவைகள், வேறு புகலின்மையால் இச்சிறு பரப்பில் செறிந்து இறங்குகின்றன. எனவே, நகரத்தின் கொடுமையே பூங்காவின் வளத்திற்குக் காரணமாயிற்று எனலாம்.

843 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா இயற்கையாக எஞ்சிய காடன்று. பிரெடெரிக் லோ ஓம்ஸ்ரெட், கல்வேட் வோக்ஸ் ஆகிய இருவரும் வரைந்த திட்டம் 1858 இல் தெரிவு செய்யப்பட்டு, ஏரியும் குன்றும் சோலையும் மனித உழைப்பால் ஆக்கப்பட்டன. பறவை நோக்குவோர் பெரிதும் நாடும் 'றாம்பிள்' என்ற அடர்ந்த சோலைப் பகுதியும் அவ்வாறு ஆக்கப்பட்டதே. இந்நிலத்தில் முன்னர் மக்கள் வாழ்ந்தனர் என்பதும் மனங்கொளத்தக்கது. 1825 முதல் வளர்ந்து வந்த செனெக்கா கிராமத்தில் சொந்த நிலமும் வீடும் தேவாலயங்களும் பாடசாலையும் உடைய கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராயும், ஐரிஷ் குடியேறிகள் சிலரும் வாழ்ந்தனர். பூங்காவிற்கென அவர்தம் நிலம் கட்டாயமாகச் சுவீகரிக்கப்பட்டு, 1857 இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். எல்லோர்க்கும் உரியதென எழுந்த பூங்கா, சிலரை அப்புறப்படுத்தியே எழுந்தது. இம்முரண்பாடு பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள உதவும்.

துவக்கின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் பறவையைக் கொல்லுதலாகவே இருந்தது. அமெரிக்கப் பறவைகளை ஓவியமாகத் தீட்டிப் புகழெய்தி, 1851 இல் மன்ஹற்றனில் மறைந்த ஜோன் ஜேம்ஸ் ஓடுபொன் சுட்ட பறவைகளைக் கம்பியால் நிலைநிறுத்தியே வரைந்தார். ஓரிடத்தில் ஓரினம் காணப்பட்டது என்பதற்குச் சுட்டு வீழ்த்திப் பதஞ்செய்த தோலே சான்றாகக் கொள்ளப்பட்டது. கண்ணாற் கண்டேன் என்பது சான்றாகாது. ஆதலால் பறவையியல், துவக்கும் ஓய்வும் நூதனசாலைத் தொடர்பும் உடைய ஆடவர் சிலரின் துறையாகவே இருந்தது.

வணிகமும் அறிவியலினும் பன்மடங்கு மிகுதியாகப் பறவைகளைக் கொன்றது. பெண்களின் தொப்பிகளை இறகுகளாலும் முழுப் பறவைகளின் உடல்களாலும் அலங்கரிப்பது அக்கால நாகரிகம். பின்னாளில் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் பறவையியல் அறிஞராக விளங்கிய பிராங்க் சப்மன், 1886 இல் இரு மாலைப் பொழுதுகளில் மன்ஹற்றன் கடைத்தெருக்களில் நடந்து, எதிர்ப்பட்ட தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளுள் 542 இல் இறகோ பறவையோ செருகப்பட்டிருந்தது; 40 இனங்களை அவர் இனங்கண்டார். ஒரு வகையில், நியூயோர்க்கின் புகழ்பெற்ற முதற் பறவை நோக்கு நடை இதுவே எனலாம். ஆயின் அவர் கண்டவை யாவும் செத்த பறவைகள். அதேயாண்டில் ஜோர்ஜ் பேட் கிறினெல் நிறுவிய முதல் ஓடுபொன் சங்கம் விரைந்து வளர்ந்து, சில ஆண்டுகளுள் கலைந்தது. எதிர்ப்புணர்ச்சி இருந்தது, அதனை நிலைநிறுத்தும் பழக்கம் இன்னும் உருவாகவில்லை.

கண்ணாடியின் வருகை

அப்பழக்கம் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து தோன்றியது. நியூயோர்க் மாநிலத்தவரான புளோரன்ஸ் மெரியம், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் சிமித் கல்லூரியில் மாணவியாக இருந்தபோது, 1886 இல் தம் தோழியரைச் சேர்த்துப் பறவைகளைக் காக்கும் சங்கமொன்றை அமைத்தார். தொப்பியில் இறகு அணியாதீர் என அறிவுரை கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இயற்கை எழுத்தாளர் ஜோன் பறோசைக் கல்லூரிக்கு அழைத்து, அவருடன் மாணவியர் வயல்களிலும் தோப்புகளிலும் நடந்து உயிருள்ள பறவைகளைக் காணச் செய்தார். ஒரு பறவை பாடுவதையும் குஞ்சுக்கு இரையூட்டுவதையும் நேரிற் கண்டவள் அதனைத் தலையிற் சூட விரும்பாள் என்பதே அவர்தம் கருத்து. நாடகம் பார்ப்போர் கையில் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைக் கொண்டே பறவைகளை இனங்காணலாம் என விளக்கி, 1889 இல் அவர் நூலொன்றும் வெளியிட்டார். துவக்கின் இடத்தைக் கண்ணாடி பெறத் தொடங்கியது. துவக்கைத் தூக்கிச் செல்லாத பெண்களுக்கும் இத்துறையின் கதவு இதனாற் சற்றே திறந்தது.

இதன் விளைவுகள் விரைவிலேயே சட்டங்களாயின. 1896 இல் மசாசூசெற்சில் பெண்களின் முன்முயற்சியால் ஓடுபொன் சங்கம் புத்துயிர் பெற்றது. ஏனைய மாநிலங்களும் தொடர்ந்தன. 1900 இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டமும், 1910 இல் நியூயோர்க் மாநிலத்தில் இறகு விற்பனையைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறின. கனடாவின் சார்பில் பிரித்தானியாவுடன் 1916 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி, 1918 இல் வலசைப் பறவைகள் சட்டம் இயற்றப்பட்டது.

நத்தார் நாளில் அணிவகுத்துச் சென்று கண்டதையெல்லாம் சுடும் வேட்டைப் போட்டி அன்று வழக்கிலிருந்தது. அதற்கு மாற்றாக, 1900 ஆம் ஆண்டு நத்தார் நாளில் பறவைகளைச் சுடாது எண்ணுமாறு சப்மன் தமது சஞ்சிகை வாயிலாக வேண்டினார். 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். சென்றல் பார்க்கும் அவ்விடங்களுள் ஒன்று. இன்று ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளும் நத்தார்க் கணக்கெடுப்பின் தொடக்கம் இதுவே.

சாட்சியும் குறுக்கு விசாரணையும்

இவ்விடத்து ஒரு சிக்கல் எழுகின்றது. சுட்ட தோல் சான்றாக இல்லாதபோது, கண்ணாற் கண்டதை எவ்வாறு நம்புவது? தனித்துச் சென்ற ஒருவர் அரிய பறவையைக் கண்டதாகக் கூறின், அவர் கூற்றன்றி வேறாதாரம் இல்லை. பலர் சேர்ந்து காணுங்கால் ஒருவர் மற்றவர்க்குச் சாட்சியாகின்றார். இதனால், கூட்டு நடை என்பது தோழமைக்கான ஏற்பாடாக மட்டுமன்றி, அறிவைச் சரிபார்க்கும் முறையாகவும் அமைந்தது.

இதனைத் தெளிவாகக் காட்டியவர் லட்லோ கிறிஸ்கம். 1923 இல் நியூயோர்க் பிரதேசப் பறவைகளைப் பற்றிய கைந்நூலை வெளியிட்ட இவர், புறத்தோற்றத்தின் ஓரிரு அடையாளங்களைக் கொண்டே உயிருள்ள பறவையை ஐயமின்றி இனங்காணலாம் என நிலைநாட்டினார். 1878 இல் நிறுவப்பட்ட நியூயோர்க் லினேயன் சங்கத்தின் கூட்டங்களில், இளையோர் கூறும் அவதானங்களை அவர் ஒரு வழக்கறிஞரைப் போலக் குறுக்கு விசாரணை செய்தார். அவ்வாறு விசாரிக்கப்பட்டவர்களே 1924 இல் புறொங்ஸ் பகுதியின் மாணவ இளைஞர் சிலர் அமைத்த பறவைக் கழகத்தினர். பெல்ஹம் பே, வான் கோட்லண்ட் முதலிய பூங்காக்களிலும், கடற்பறவைகள் கூடும் நகரக் குப்பை மேடுகளிலும் அவர்கள் அலைந்து கற்றனர்.

அவர்களுடன் சேர்ந்துகொண்ட றொஜர் ரோறி பீற்றர்சன், கிறிஸ்கத்தின் முறையைப் படங்களாக்கி, ஒவ்வொரு பறவையின் தனியடையாளத்தையும் சிறு கோட்டாற் சுட்டிக்காட்டும் கைந்நூலை 1934 இல் வெளியிட்டார். முதற்பதிப்பின் 2,000 பிரதிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. நடைக் குழுவில் வாய்மொழியாகக் கைமாறிய அறிவு இவ்வாறு எவரும் வாங்கத்தக்க நூலாயிற்று. அதே கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஹிக்கி, பிற்காலத்தில் பேராசிரியராகி, டி.டி.ரி. நஞ்சினால் வல்லூறுகள் அருகியதை ஆராய்ந்தோருள் முதன்மையானவரானார். குப்பை மேட்டில் தொடங்கிய பயிற்சி நாட்டின் சூழற் கொள்கை வரை சென்றமை குறிப்பிடத்தக்கது.

இடத்தைக் காத்தல்

பறவைகளைக் காணப் பழகியோர், அவை தங்கும் இடத்தைக் காக்கவும் முன்வந்தனர். 1955 இல் நகரப் பூங்கா ஆணையாளர் றொபேட் மோசஸ், றாம்பிள் பகுதியில் 250,000 டொலர் செலவில் முதியோர்க்கான பொழுதுபோக்கு நிலையம் அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். முதியோர் நலம் நல்ல நோக்கமே. எனினும் அதற்குத் தெரிந்த இடம், வலசைப் பறவைகள் செறிந்து இறங்கும் சோலை. நாள்தோறும் அங்கு நடந்தோர் திரண்டு எதிர்த்தனர்; திட்டம் கைவிடப்பட்டது. அதே மோசசின் ஆணையாட்சிக் காலத்திலேதான் 1950களின் தொடக்கத்தில் ஜமேக்கா குடாவில் நன்னீர்க் குளங்கள் அமைக்கப்பட்டுச் சரணாலயம் உருவாயிற்று என்பதையும் நடுநிலையுடன் கூறுதல் வேண்டும். நகர ரயிலிற் சென்றடையக்கூடிய இச்சரணாலயம் 1972 இல் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் வந்தது.

1979 இல் நகருக்கெனத் தனி ஓடுபொன் சங்கம் அமைந்தபின் நடைகள் ஒழுங்குபெற்றன. தனிப்பட்ட வழிகாட்டிகளும் இருந்தனர். அவருள் ஸ்ரார் சபியர் என்ற அம்மையார் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகச் சென்றல் பார்க்கில் நடைகளை நடத்தி, ஒரு நடைக்கு எட்டு டொலர் மாத்திரமே பெற்றார். தீரா நோயுற்ற பின்னரும் தொடர்ந்து நடந்து, 2013 இல் மறைந்தார். அவர் தோன்றும் ஆவணப்படம் 2012 இல் வெளிவந்தது.

நடந்தோர் பறவைகளின் அழகை மட்டும் காணவில்லை. 1997 முதல் தன்னார்வலர் விடியற்காலையில் நடைபாதைகளிற் சென்று, கண்ணாடிச் சுவர்களில் மோதி வீழ்ந்த பறவைகளைக் கணக்கிட்டனர். ஆண்டுதோறும் 90,000 முதல் 230,000 வரையான பறவைகள் இவ்வாறு மடிவதாகச் சங்கம் மதிப்பிட்டது. புதிய கட்டடங்களில் பறவைகளுக்குப் புலனாகும் கண்ணாடியைப் பொருத்த வேண்டும் என்னும் நகரச் சட்டம் 2020 இல் ஏட்டிலேறியது. சப்மன் தொப்பிகளை எண்ணிய அதே முறையே இதுவும்: தெருவில் நடந்து எண்ணுதல், எண்ணியதை ஊரறியக் கூறுதல், சட்டமாக்குதல்.

யாருடைய பூங்கா?

எனினும், இக்கூட்டு நடைகளில் யார் நடந்தனர் என்ற வினா நெடுங்காலம் கேட்கப்படவில்லை. 2020 மே 25 அன்று, பல்லாண்டு அனுபவமுடைய பறவை நோக்குநரும் கறுப்பினத்தவருமான கிறிஸ்ரியன் கூப்பர், றாம்பிள் பகுதியில் நாயொன்றைக் கட்டவிழ்த்து விட்டிருந்த வெள்ளையினப் பெண் ஒருவரிடம், விதிப்படி அதனைக் கட்டுமாறு வேண்டினார். அவரோ, கறுப்பின ஆடவரொருவர் தம்மை அச்சுறுத்துவதாகப் பொலிசாருக்குத் தொலைபேசியிற் கூறினார். மினியாபொலிசில் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாராற் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். கூப்பர் கையில் இருந்தது தொலைநோக்கி. ஆயின் அவர் உடலின் நிறமே முதலிற் பார்க்கப்பட்டது. பறவையை நிதானமாக நோக்கி, ஐயமற இனங்காணக் கற்பிக்கும் இடத்திலேயே, மனிதரை நோக்கும் முறையில் அந்நிதானம் இல்லாதொழிந்தது.

சில நாட்களுள், மே 31 அன்று, கறுப்பினப் பறவை நோக்குநர் வாரம் தொடங்கியது. 2016 இலேயே நியூயோர்க்கில் பெண்ணியப் பறவைக் கழகமொன்று தோன்றி, தனித்து நடக்க அஞ்சுவோர்க்குப் பாதுகாப்பான நடைகளை ஒழுங்கு செய்து வந்தது. ஓடுபொன் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால், அவர் பெயரைக் கைவிட்ட நகரச் சங்கம் 2024 முதல் 'நியூயோர்க் நகரப் பறவைக் கூட்டமைப்பு' எனப் பெயர் பூண்டது. பெயர் மாற்றம் மட்டும் சமத்துவமாகாது. ஆயினும் வினா எழுந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. கொன்று வைத்திருத்தலே அறிதல் என்ற நிலை மாறி, கண்டு பகிர்தலே அறிதல் என்ற நிலை உருவாவதற்குக் கூட்டு நடை பெரிதும் துணைசெய்தது. அறிந்தவர் அறியாதவர்க்குக் கைகாட்டும் அச்சிறு செயலால் சாட்சிகள் பெருகினர். சாட்சிகள் பெருகச் சட்டங்கள் பிறந்தன. சோலை ஒன்றும் காக்கப்பட்டது. ஆனால், செனெக்கா கிராமத்தவரை அகற்றி எழுந்த நிலத்தில், அவர் வழிவந்தோரும் அச்சமின்றி நின்று நோக்கும் நிலை இன்னும் முழுமையாக எய்தப்படவில்லை. நடைக் குழுவில் எவரும் பறவையைக் காணாது விடுபடலாகாது என்பது நல்ல வழிகாட்டி ஒவ்வொருவரும் கைக்கொள்ளும் விதி. அவ்விதி பூங்கா முழுவதற்கும் உரியதாகும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவுறும்.