ரேடியோ மோடம்: தொடர் துறையிலிருந்து வலையமைப்பு வரை

ரேடியோ மோடம் என்பது கருவிகளின் தரவை வானலை வழியே கொண்டு செல்லும் சாதனம். நீரேற்று நிலையம், எண்ணெய்க் கிணறு போன்ற தொலைவிடங்களில் உள்ள பழைய கருவிகள் பெரும்பாலும் சீரியல் போர்ட் எனப்படும் தொடர் துறையைக் கொண்டவை. கட்டுப்பாட்டு அறைக் கணினிகளோ வலையமைப்பில் இயங்குபவை. இவ்விரண்டையும் இணைப்பதில் எழுந்த முக்கியச் சிக்கல், ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை அறிவதாகும்.

தொடக்கம்

முனையங்களை மோடத்துடன் இணைக்கும் ஆர்.எஸ்-232 தரம் 1960இல் அமெரிக்காவில் வெளியானது. அது மின்னழுத்தத்தையும் இணைப்பு முறையையும் வரையறுத்தது. செய்தியின் எல்லையை வரையறுக்கவில்லை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோகாநெட் வலையமைப்பை இயக்கினர். அதில் முனையத்துக்கும் வானலைக் கருவிக்கும் இடையே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி, தட்டச்சான எழுத்துகளைச் சேர்த்து, அதிகபட்சம் 80 எழுத்துகள் கொண்ட பொதியாக நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பியது. பெற்றதற்கான ஒப்புதல் வராவிட்டால், சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்பியது.

இடைவெளிச் சிக்கல்

1979இல் மோடிக்கான் நிறுவனம் மோட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. அதன் ஆர்.டி.யு. வகையில், 3.5 எழுத்துகளுக்கான நேரம் மௌனம் நிலவினால் செய்தி முடிந்ததாகப் பொருள். 9600 பிட் வேகத்தில் இது சுமார் 4 மில்லிநொடி மட்டுமே. கம்பியில் இது சிக்கலின்றி இயங்கியது. வானலையிலும் வலையமைப்பிலும் தாமதம் சீராக இருப்பதில்லை. செய்தியின் நடுவே இடைவெளி விழுந்தால் அது இரண்டாக உடையும். பிழைச் சோதனையில் தோற்கும். இணைப்பு நன்றாக இருந்தும் நிலையம் செயலிழந்ததுபோல் தோன்றும்.

1999இல் வந்த மோட்பஸ் டி.சி.பி., செய்தியின் நீளத்தைத் தலைப்பகுதியிலேயே குறித்ததால் மௌனத்தை நம்பும் தேவை நீங்கியது. எனினும் பழைய கருவிகள் பயன்பாட்டில் தொடர்ந்தன.

அமைப்புமுறை

எனவே ரேடியோ மோடத்தில் இருவகை அமைப்புகள் இடம்பெறுகின்றன. பாட் வேகம், தரவு பிட், சமநிலை பிட், நிறுத்த பிட் ஆகியவை கருவியுடன் ஒத்திருக்க வேண்டும். ஐ.பி. முகவரி, போர்ட் எண், டி.சி.பி. அல்லது யு.டி.பி. தேர்வு ஆகியவை வலையமைப்புக்கு உரியவை. இரண்டுக்கும் நடுவே, எவ்வளவு நேர மௌனத்துக்குப் பின் பொதியை மூடுவது என்னும் அமைப்பு உள்ளது. அது குறைவானால் செய்தி உடையும்; அதிகமானால் பதில் தாமதமாகி, கேட்ட கணினி காத்திருப்பதைக் கைவிடும்.