குழியை எட்டிப் பார்த்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னா உங்களுக்கு ராமானுஜர் கோயிலும் கார் கம்பெனிகளும் ஞாபகம் வரும். நிலவியல் படிச்சவங்களுக்கு அது ஒரு பாறை வரிசையோட பேரு. நம்ம பக்கம் சில இடங்கள்ல செம்மண்ணையும் சரளையையும் தாண்டித் தோண்டினா, ஓலைச்சுவடி மாதிரி ஏடு ஏடாப் பிரியுற களிப்பாறை வரும். அதுக்குள்ள இலை அச்சு பதிஞ்சிருக்கும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் செடிகள். 10 கோடி வருஷத்துக்கும் முந்தினவை. கடல் உயிர்களோட அச்சும் அதே பாறையில கிடைக்குது. ஒரு காலத்துல கடல் இங்கே வரைக்கும் வந்திருக்கு.

இந்தப் பாறைக்கு நம்ம ஊர்ப் பேர் 1870-களில் ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய அறிக்கைகள் வழியா நிலைச்சது. அவர் அரசாங்க நிலவியல் துறை உத்தியோகஸ்தர். ஆனா, மெட்ராஸில் கல் சேர்க்கும் பழக்கம் அவருக்கு முன்னாடியே இருந்தது.

1812-ல் தொடங்கின மெட்ராஸ் இலக்கியச் சங்கம் பேருக்குத்தான் இலக்கியம். அதுல இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் டாக்டர்களும் செடி, பூச்சி, கல்வெட்டு, கல்லுன்னு எல்லாத்தையும் ஆராய்ஞ்சாங்க. சங்கம் சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 கற்களை வைத்துத்தான் 1851-ல் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். இன்னைக்கு எழும்பூர்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்களே, அதுக்கு விதை அந்தக் கற்கள்தான்.

ஃபூட்டும் ஒரு வகையில் கத்துக்குட்டிதான். நிலவியல் அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை. ஆதிமனிதனைத் தேடினது சொந்த ஆர்வம். 1859-ல் பிரான்ஸ் நாட்டு ஆற்றுச் சரளையில் கிடைத்த கல் ஆயுதங்கள் மிகப் பழையவைன்னு ஐரோப்பாவில் ஒத்துக்கிட்டாங்க. அதைக் கண்டெடுத்தவர் ஒரு சுங்க அதிகாரி. நேரில் போய்ப் பார்த்து ஆமோதித்தவர்களில் ஒருவர் ஒயின் வியாபாரி, இன்னொருவர் காகித ஆலைக்காரர். அந்தச் செய்தி இங்கேயும் வந்துச்சு. 1863 மே 30-ந் தேதி, பல்லாவரத்தில் சரளை வெட்டின குழியில் ஃபூட் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டி பக்கம் அதிரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஃபூட்டோட விரிவான கட்டுரை 1866-ல் இலக்கியச் சங்கத்தோட இதழில்தான் வந்தது. பின்னால் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் முறையாகத் தோண்டினார்கள். அங்கே சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே மனித இனம் கல் ஆயுதம் செய்ததுன்னு 2011-ல் வெளியிட்டார்கள்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. குழி வெட்டுற நேரத்துல படிச்ச நிபுணர் பக்கத்துல இருக்க மாட்டார். இருக்கிறது கூலிக்காரரும் நிலத்துக்காரரும்தான். கண்டெடுத்த கல் எந்த அடுக்கில், எத்தனை அடி ஆழத்தில் இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் நிபுணர் அதன் வயசைச் சொல்ல முடியும். எடுத்து ஷோகேஸ்ல வைச்சுட்டா அது வெறும் கல்லு. ரெண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஒரகடம் பக்கம் ஃபூட் காலத்தை விட இப்போ ஆயிரம் மடங்கு குழி வெட்டுறாங்க. ஜேசிபி காலையில் தோண்டுது. சில நாள்ல கான்கிரீட் மூடிடுது. அதுக்கு மேல ஷெட் வந்துட்டா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலகூட யாரும் திறந்து பார்க்கப் போறதில்லை.

அதனால நமக்கு ஒரு சங்கம் வேணும்னு நினைக்கிறேன். கிணறு வெட்டுறவர், ஜேசிபி ஓட்டுற தம்பி, கம்பெனி இன்ஜினியர், கல்லூரி வாத்தியார் எல்லாரும் சேர்ந்தது. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும். சந்தா வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, போன் கேமரா இருந்தால் சரி. கல்லைத் தொடாம படம் பிடிச்சு, இடமும் ஆழமும் குறிச்சு, தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும். உங்க வீட்டுப் பக்கம் அஸ்திவாரம் தோண்டினாலும், மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாருங்க.