தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தெதிர்ப்புக் கிருமிச் சோதனை

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் நோயாளியின் மூக்கு, ஆசனவாய் ஆகிய இடங்களில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்து, வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் உள்ளனவா எனக் கண்டறிவதே இச்சோதனை. மாதிரி எடுக்கச் சில நொடிகளே போதும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் முடிவு வர இரண்டு அல்லது மூன்று நாட்கள் ஆகலாம்.

மூக்கில் பெரும்பாலும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கிருமி தேடப்படுகிறது. குடலில் தேடப்படுபவை, கார்பபீனெம் வகை மருந்துகளையும் எதிர்க்கும் கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவை. கடுமையான தொற்றுகளுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட மருந்துகள் இவை. இவற்றைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியுடைய கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் காணப்பட்டதை 2010-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனவே இது வேற்று நாட்டுச் சிக்கல் அன்று.

“கிருமி இருப்பது தெரிந்தும் ஏன் மருந்து செலுத்தவில்லை?” என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. குடலிலோ மூக்கிலோ கிருமி தங்கியிருப்பது வேறு. அது இரத்தத்திலோ நுரையீரலிலோ புகுந்து நோய் உண்டாக்குவது வேறு. காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு போன்ற தொற்றின் அறிகுறிகள் இல்லாதபோது, தங்கியிருக்கும் கிருமிக்காக மட்டும் வீரியமிக்க மருந்து தருவதால் நன்மை இல்லை. கோலிஸ்டின் போன்ற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கவும் கூடும். ‘பெரிய ஊசி’ போடும்படி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம்.

அறிகுறிகள் தோன்றினால் இம்முடிவு பெரிதும் உதவும். இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், பொருத்தமான முதல் மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். தாமதம் உயிருக்கு ஆபத்தாகும் வேளையில் இது சிறிய உதவி அன்று. கிருமி இல்லை என்ற முடிவுக்கும் பயன் உண்டு: மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லையெனில், நிமோனியா நோயாளிக்குத் தொடங்கிய வான்கோமைசினை நிறுத்த அது பெரும்பாலும் துணைபுரியும். ஆயினும் அதன்பின் தொற்றே வராது எனக் கொள்ளலாகாது.

கிருமி கண்டறியப்பட்டவரைத் தனிப் படுக்கைக்கு மாற்றுவது தண்டனையோ தீண்டாமையோ அன்று. அருகிலுள்ள நோயாளிகளைக் காப்பதற்கே. பார்க்கச் செல்வோர் படுக்கையைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைக் கழுவ வேண்டும்; சிறுநீர்க் குழாயையும் பையையும் தொடலாகாது.

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ நோயாளி மாற்றப்படும்போது, இச்சோதனை முடிவையும் இதுவரை தந்த ஆன்டிபயாடிக் மருந்துகளின் விவரத்தையும் கேட்டுப் பெற்று உடன் எடுத்துச் செல்லுங்கள். முடிவு இன்னும் வரவில்லையெனில், மாதிரி எடுத்த நாளையாவது புதிய மருத்துவரிடம் கூறுங்கள். கிருமி பல மாதங்கள் உடலில் தங்கக்கூடும். வீடு திரும்பிய பின்னும் அத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.