மார்த்தாண்டம் தேன் விவரச்சீட்டு விதிகள்

மார்த்தாண்டம் தேன் என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் வட்டாரத் தேனீ வளர்ப்போர் எடுக்கும் தேன் ஆகும். இது 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தேனை அடைத்து விற்கும் புட்டியின் விவரச்சீட்டில் எவை மெய்யாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதை உணவுப் பாதுகாப்பு, எடையளவு, புவிசார் குறியீடு ஆகிய மூன்று துறைகளின் சட்டங்கள் வரையறுக்கின்றன.

பின்னணி

மார்த்தாண்டம் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்பது இன்றைய வழக்கு; பழைய நாஞ்சில் நாடு தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே குறித்தது. திருவிதாங்கூர் ஆட்சியில், 1920களில், அமெரிக்கரான இசுபென்சர் ஹாட்ச் இங்கு நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் பெட்டிகளில் தேனீ வளர்ப்பதைச் சிற்றுழவர்களின் துணைத்தொழிலாகப் பரப்பியது. 1991-92இல் பரவிய தாய்சாக் புரூட் வைரசு நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. பின்னர் தொழில் மீண்டது.

பொது விதிகள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் கீழ் உணவின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், 14 இலக்க உரிம அல்லது பதிவு எண் முதலியவை இடம்பெற வேண்டும். அசைவ உணவு என்பதன் வரையறையிலிருந்து தேன் விலக்கப்பட்டுள்ளதால் புட்டியில் பச்சைக் குறியே இருக்கும். தவறான விவரம் தரும் உணவுக்கு 52ஆம் பிரிவின்படி 3 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். "இயற்கையானது", "தூய" போன்ற சொற்களையும் விருப்பம்போல் அச்சிட இயலாது. 2018ஆம் ஆண்டின் விளம்பர ஒழுங்குமுறைகள் அவற்றுக்கு நிபந்தனை விதித்துள்ளன.

பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011இன்படி தேன் போன்ற பிசுப்புள்ள பொருளின் நிகர அளவு நிறையில் குறிக்கப்பட வேண்டும். இது சிறு செய்தியன்று. தேன் நீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தியானது. 750 மில்லிலிட்டர் புட்டியில் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலாகவே தேன் கொள்ளும். புட்டிக் கணக்கில் வாங்குபவர் இதனை அறிவதில்லை.

ரப்பர் தேன்

குமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருவது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகிறது. தேனீக்கள் பெரிதும் இதையே உறிஞ்சுகின்றன, பூவையன்று. எனவே இதனை "மலர்த்தேன்" என அச்சிடுவது தாவரவியல்படி பொருந்தாது. எனினும் இது தேனே. மலர்களின் மதுவுடன் தாவரச் சுரப்புகளிலிருந்து தேனீக்கள் உண்டாக்குவதையும் இந்தியத் தர வரையறை தேன் என ஏற்கிறது.

ஒரே மலரின் தேன் என்று குறிப்பிட, அத்தாவரத்தின் மகரந்தம் மொத்த மகரந்தத்தில் 45 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். பூவிலிருந்து வராத ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தம் குறைவு. ஆகவே மெய்யான ரப்பர் தேனும் இச்சோதனையில் தவறக்கூடும்.

ஈரப்பதம் மற்றொரு சிக்கல். முன்பு 25 விழுக்காடு வரை ஏற்கப்பட்ட ஈரப்பதம், 2018ஆம் ஆண்டின் தரத்தில் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இந்தியத் தேனீயின் தேனில் இயல்பாகவே நீர் மிகுதி. முதிராத அடையிலிருந்து எடுத்தால் மேலும் மிகும். கலப்படமே செய்யாதவரும் தேனைச் சூடாக்கி நீர் குறைக்க வேண்டியவராகிறார்.

கலப்படச் சோதனைகள்

கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைக் கார்பன் ஓரிடத்தான் சோதனை காட்டிவிடும்; அதற்கான உச்ச அளவு 7 விழுக்காடு. அரிசிப் பாகு இச்சோதனைக்குத் தப்பிவிடும் என்பதால் அதற்குத் தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. 2020 திசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களின் தேனைச் செருமனியில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் சோதித்தபோது 3 மட்டுமே தேறின. இந்த முறை இந்திய உள்நாட்டுச் சந்தைக்குக் கட்டாயமாக்கப்படவில்லை.

ஊர்ப்பெயர்

புவிசார் குறியீடுகள் சட்டம், 1999, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் பதிவகம் சென்னையில் இயங்குகிறது. பொய்யான புவிசார் குறியீடு இடுவோருக்கு இச்சட்டத்தின் 39ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் வகுத்தது.

உலக வணிக ஒப்பந்தங்களில் ஒயினுக்குக் கிடைக்கும் காப்பு தேனுக்குக் கிடைப்பதில்லை. டிரிப்சு உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பின்படி, மெய்யான ஊரைக் குறித்துவிட்டு "இன்ன ஊர் வகை" என்று ஒயின் புட்டியில் எழுதுவதும் தடுக்கப்பட வேண்டியது. பிற பொருட்களுக்கு, நுகர்வோர் ஏமாறக்கூடும் என்று காட்டியாக வேண்டும். இந்தியச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நடுவண் அரசு அறிவிக்கும் பொருட்களுக்கு இக்கூடுதல் காப்பை நீட்டிக்க இடமளிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் காக்கப்பட்ட புவிசார் குறியீடு பெற்ற ஒயினில் 85 விழுக்காடு திராட்சை அப்பகுதியினதாக இருந்தால் போதும். தேனுக்கான பன்னாட்டு கோடெக்சு தரம் இதனினும் கண்டிப்பானது: ஊர்ப்பெயர் இடும் தேன் முழுவதும் அப்பகுதியிலேயே உண்டானதாக இருத்தல் வேண்டும். குமரி வளர்ப்போர் பருவத்திற்கேற்பப் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்கும் கொண்டு செல்கின்றனர். பெட்டியும் தேனீயும் வளர்ப்பவரும் மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவராயினும், பதிவேட்டு எல்லைக்கு வெளியே எடுத்த தேன் இந்த வரையறைக்குள் வராது. எல்லைக்குள்ளேயே எடுப்பவரும், அனுமதி பெற்ற பயனராகப் பதிந்துகொண்டால்தான் குறியீட்டைப் பயன்படுத்தும் தனியுரிமையைப் பெறுவார்.