மதுரைப் பெயர் பூண்ட அணி

ஊர்ப்பெயரை முன்வைத்துத் தம்மைச் சுட்டிக்கொள்வது நம் புலவர் மரபு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை மருதன் இளநாகனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் எனப் பழம்புலவர் பலரின் பெயர்களில் மதுரையே முதற்சொல்லாய் நிற்கின்றது. அவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தமையால் அப்பெயர் அவர்க்கு உரியதாயிற்று. 2016ஆம் ஆண்டில் ஒரு கிரிக்கெட் அணியும் இப்பெயரைப் பூண்டது. இரண்டே பருவங்கள் வாழ்ந்து மறைந்த மதுரை சூப்பர் ஜயன்ட்ஸ் என்னும் அவ்வணியின் வரலாற்றை உள்ளூர் வரலாறு எழுதுவோர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எனினும், ஊருக்கும் பெயருக்கும் உள்ள உறவை அது நமக்குக் கற்பிக்கின்றது.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2015இல் இரண்டாண்டுத் தடைக்கு உள்ளாயிற்று. மறு ஆண்டே தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கைத் தொடங்கியது. திண்டுக்கல், தூத்துக்குடி, கோவை, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர், சேப்பாக்கம், மதுரை என எட்டு ஊர்களின் பெயரால் எட்டு அணிகள் தோன்றின. மாவட்ட இளைஞர்க்கு வாயில் திறந்தது என்ற அளவில் இது பெரும்பணியே. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நடராசன் இத்தொடரில் திண்டுக்கல் அணிக்குப் பந்து வீசியே இந்தியா அறிந்த வீரரானார்.

ஆனால் ஆட்டங்கள் நடந்த இடங்கள் மூன்றே: சென்னைச் சேப்பாக்கம், நத்தத்தின் கல்லூரி மைதானம், திருநெல்வேலிச் சங்கர் நகர். மதுரைக்காரர் தம் அணியைக் காண நத்தம் சாலையில் பயணம் செய்ய வேண்டும். அங்கும் மண்ணுக்குரிய அணி திண்டுக்கல், மதுரை விருந்தாளி. இரு பருவங்களிலும் அவ்வணி அரையிறுதியை எட்டவில்லை. 2018இல் அது மதுரை பேந்தர்ஸ் எனப் புதுப்பெயர் பெற்றது. அவ்வாண்டே, சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் திண்டுக்கல்லை 7 விக்கெட்டுகளால் வென்று கோப்பையைக் கைக்கொண்டது. கட்டடக் கலை பயின்ற வருண் சக்கரவர்த்தியின் சுழற்பந்து புகழ்பெற்றதும் அப்பருவத்திலேயே. வெற்றி வந்தபோது பழம்பெயர் இல்லை; வெற்றி நிகழ்ந்த இடமும் மதுரை இல்லை.

இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. 2007இல் தோன்றிய இந்தியன் கிரிக்கெட் லீக்கை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்கவில்லை. அதில் ஆடிய சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், அவ்வாண்டு டிசம்பரில் பஞ்ச்குலாவில் முதல் இருபது ஓவர்த் தொடரை வென்றது. சென்னையில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அவ்வணி 2009இல் லீக்கோடு முடிந்துபோயிற்று.

மதுரைக்கு ஆடுகள மரபு இல்லாமலில்லை. நாயக்கர் காலத் தமுக்கம் யானைப்போர் கண்ட களம். கலித்தொகை பாடிய ஏறுதழுவல் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் இன்றும் உயிர்ப்புடன் நிகழ்கின்றது. அங்கே வாடிவாசல் திறக்கும்போது காளைக்கு உரியவர் பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் முழங்கும். அவ்வூரார் களத்தைச் சுற்றி நிற்பர். தோற்றாலும் காளை அவ்வூருக்கே திரும்பும். அங்கே பெயருக்குப் பின்னால் மண் இருக்கின்றது. சூப்பர் ஜயன்ட்ஸ் அணிக்கோ பெயர் இருந்தது. காலூன்ற ஒரு பிடி மண் இல்லை. பெரிய கிரிக்கெட் அரங்கம் ஒன்று மதுரைச் சிந்தாமணிப் பகுதியில் 2025 அக்டோபரில்தான் திறக்கப்பெற்றது. களம் வருமுன்னரே அணி போய்விட்டது.

அவ்வணியில் ஆடிய இளைஞர்கள் உண்மையாகவே ஓடினர், உண்மையாகவே தோற்றனர். அவர்தம் உழைப்பை ஏளனம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. குறை அவர்களிடத்தில் இல்லை. ஊரை வாழிடமாகக் கொள்ளாது விளம்பரச் சொல்லாகக் கொண்ட ஏற்பாட்டில் உள்ளது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நமக்குக் கோப்பையும் இல்லை, பரிசுப்பணமும் இல்லை. ஆயினும் கூடுவதற்கு ஓரிடமும், கூடியிருந்து கேட்கும் செவிகளும் இருந்தன. அவை உள்ளவரை பெயர் நிலைக்கும். மதுரை என்னும் சொல்லைக் கவிதையில் எழுதும் ஒவ்வொருவரும் அதற்குரிய மண்ணையும் உடன் எழுதுவார்களாக.