தாயின் உணவும் குழந்தையின் கல்லீரலும்: கருவிலேயே தொடங்கும் பாதுகாப்பு

புது டெல்லி: கொழுப்புக் கல்லீரல் நோய் மது அருந்துவோருக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், மதுவைத் தொடாத பெரியவர்களிடமும், உடல் பருமன் கொண்ட சிறுவர்களிடமும் இந்நோய் கண்டறியப்படுகிறது. இதன் பரவலைக் கருத்தில் கொண்டு, 2021ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் இந்நோயையும் சேர்த்தது. இதற்கான அடித்தளம் தாயின் கருப்பையிலேயே அமையக்கூடும் என்பதை ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன.

கருவில் நடப்பது என்ன?

நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வரும் ரத்தத்தின் ஒரு பகுதி நேரடியாகக் கருவின் கல்லீரலைச் சென்றடைகிறது. கொழுப்பைச் சேமிக்கும் திசுக்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் போதிய அளவு வளர்கின்றன. அதற்கு முன் தாயின் ரத்தத்திலிருந்து கொழுப்பு அதிகமாக வந்தால், அது கருவின் கல்லீரலில் படிய வாய்ப்புண்டு.

அமெரிக்காவில் ஜப்பானிய மக்காக் குரங்குகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2009இல் வெளியாயின. கொழுப்பு மிகுந்த உணவை உண்ட தாய்க் குரங்குகளின் கருக்களில், கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அடுத்த கர்ப்பத்தின்போது அவற்றுக்குக் கொழுப்பு குறைந்த உணவு தரப்பட்டதும் கருவின் கல்லீரல் நிலை மேம்பட்டது. மனிதர்களிடமும் இதற்கான அறிகுறிகள் உள்ளன. உடல் பருமனுடன் கர்ப்பகால நீரிழிவும் கொண்ட தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளுக்குக் கல்லீரல் கொழுப்பு 68 சதவீதம் அதிகமாக இருந்ததை 2013இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

குறைந்தாலும் பாதிப்பு

ஊட்டச்சத்துக் குறைபாடும் இதே திசையில் இட்டுச் செல்லக்கூடும். புனே அருகிலுள்ள கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையிலான குழு 1993 முதல் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. எடை குறைவாக இருந்தும், புனே குழந்தைகளின் உடலில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கர்ப்பத்தில் வைட்டமின் பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், 6 வயதில் இன்சுலின் எதிர்ப்புத்தன்மை மிகுந்திருந்தது. கொழுப்புக் கல்லீரல் நோயின் முக்கியக் காரணங்களுள் இன்சுலின் எதிர்ப்புத்தன்மையும் ஒன்று.

குறைவும் மிகையும் ஒருங்கே காணப்படும் நாடு இந்தியா. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். 24 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள். கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது.

தாய்ப்பாலின் பங்கு

பிரசவத்துடன் இந்தத் தொடர்பு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 17 வயதினரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், குறைந்தது 6 மாதங்கள் வேறு பால் சேர்க்காமல் தாய்ப்பால் அருந்தியவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் நோய் குறைவாகவே காணப்பட்டது. இந்தியாவில் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினர் மட்டுமே தாய்ப்பாலை மட்டும் அருந்துகின்றனர் என்கிறது மேற்கண்ட கணக்கெடுப்பு.

எவ்வளவு, எதை உண்பது?

'இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்' என்ற அறிவுரையை இரு மடங்கு உணவு என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு நாள்தோறும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. பாலூட்டும் முதல் 6 மாதங்களில் இது 600 கலோரியாக உயர்கிறது. பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைப்பது இந்தத் தேவைக்கு நேர்மாறானது.

* பருப்பு, பயறு, கீரை, பழங்கள், சிறுதானியங்கள் அன்றாட உணவில் இடம்பெற வேண்டும். இனிப்புப் பானங்களையும் எண்ணெயில் பொரித்த பண்டங்களையும் குறைக்க வேண்டும்.
* வைட்டமின் பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் கிடைக்கிறது. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.
* ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து மாத்திரைகளை மருத்துவர் கூறும் அளவில் உட்கொள்ள வேண்டும்.
* கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.
* கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடி மையங்களில் துணை ஊட்டச்சத்து உணவைப் பெறலாம்.

விலங்குகளிடம் கண்ட முடிவுகள் அனைத்தும் மனிதர்களுக்கு அப்படியே பொருந்திவிடாது. பிறந்த பின் குழந்தை உண்ணும் உணவும் அதன் உடலுழைப்பும் நோயைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. எனவே, குழந்தைக்கு வரும் நோய்க்குத் தாயைக் குற்றம் சாட்டுவதற்கு இந்த ஆய்வுகள் ஆதாரமாகா. வீட்டில் அனைவரும் உண்ட பின் மிஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் தொடர்கிறது. கர்ப்பிணியின் தட்டில் போதிய உணவு இருப்பதை உறுதி செய்வது குடும்பத்தின் கடமை.