ஊர்க்கூட்டத்தில் கை வைத்தபோது

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. வரிச்சுமை தாங்காமல் அமெரிக்கக் குடியேறிகள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஆண்டு லண்டன் நிறைவேற்றிய தேயிலைச் சட்டம் விலையைக் குறைக்கவே செய்தது. இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தைத் திருப்பிக் கொடுத்து, கிழக்கிந்தியக் கும்பினி நேராகவே அமெரிக்காவில் விற்கலாம் என்றது. அங்கே மிஞ்சியது ராத்தலுக்கு 3 பென்ஸ் மட்டுமே. அதுவும் 1767-லேயே விதித்த பழைய தீர்வை. (சட்டத்துக்குக் காரணமே கும்பினியின் கடன்தான். 1769-ல் ஹைதர் அலி மதராஸ் வாசலுக்கு வந்து நின்ற செய்தி லண்டனில் அதன் பங்குகளைச் சரித்தது. அடுத்த ஆண்டு வங்கத்தில் கொடும் பஞ்சம். கிடங்குகளிலோ விற்காத சீனத் தேயிலை மலையாகக் குவிந்திருந்தது.) மலிவாக வந்த சரக்கை மறுத்தவர்களின் கோபத்துக்கு விலை காரணமாக இருக்க முடியாது.

அந்த 3 பென்ஸ் எங்கே போனது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். 1691-ஆம் ஆண்டுச் சாசனப்படி, பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸின் ஆளுநரை நியமிப்பவர் மன்னர். ஆனால் ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் ஒதுக்குவது உள்ளூர்ச் சட்டசபை. சொற்பத் தொகைதான், ஆனாலும் கடிவாளம் அதுவே. 1772-ல், உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்குச் சுங்க வருமானத்திலிருந்து இனி மன்னரே சம்பளம் தருவார் என்ற செய்தி பரவியது. தேநீர் குடிப்பவன் ஒவ்வொரு மிடறிலும் தன் பிடியிலிருந்து நழுவிப்போகும் நீதிபதிக்குப் படியளக்கிறான் என்றாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் பாஸ்டன் ஊர்க்கூட்டம் பிற ஊர்களுக்குக் கடிதம் எழுத ஒரு குழுவை அமைத்தது. தேயிலை கடலில் விழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. மன்னரின் சம்பளத்தை ஏற்றுக்கொண்ட தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மீது 1774 தொடக்கத்தில் சட்டசபை குற்றம் சாட்டியது. அவர் முன் ஜூரிகளாக உட்காரப் பலர் மறுத்தார்கள்.

தேயிலைக்குத் தண்டனையாக லண்டன் 1774-ல் கொண்டுவந்த சட்டங்களில் பாஸ்டன் துறைமுகத்தை மூடியதுதான் பெயர்பெற்றது. ஆட்சியைக் கவிழ்த்ததோ மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஆலோசனை மன்றம் மன்னரின் நியமனமாயிற்று. ஜூரிகளைப் பொறுக்கும் வேலை ஆளுநரின் ஷெரீப்களிடம் போனது. வழக்கமான ஆண்டுக் கூட்டம் தவிர, ஆளுநர் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் கூடக்கூடாது என்றாயிற்று. செப்டம்பர் 6-ஆம் தேதி ஊஸ்டர் என்ற உள்நாட்டு ஊரில், 37 ஊர்களைச் சேர்ந்த 4,622 பேர் நீதிமன்றத்தைத் திறக்கவிடாமல் தெருவின் இருமருங்கிலும் அணிவகுத்தார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ராஜினாமாவை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு அந்த வரிசைகளுக்கிடையே நடக்க வேண்டியிருந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டைக்கு ஏழு மாதம் முன்பே அந்தப் பகுதியில் மன்னராட்சி முடிந்துபோனது. கள்ளத் தேயிலை வியாபாரிகள் தங்கள் லாபத்துக்காகத் தூண்டிவிட்ட கலகம் இது என்பாருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பாஸ்டன் வணிகர்களைப் பற்றி அது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். ஊஸ்டர் சுற்றுவட்டாரத்து விவசாயிக்குக் கடத்துவதற்குக் கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1684-ல் பழைய சாசனம் ரத்தாகி, பின்னர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் ஆளுநராக வந்தார். சட்டசபை இல்லாமலே வரி விதித்தார். வரி வசூலிக்க ஆள் நியமிக்க மறுத்த இப்ஸ்விச் ஊரார் சிறைக்குப் போனார்கள். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்று மட்டும் என்று 1688-ல் உத்தரவானது. 1689 ஏப்ரலில், மன்னரைக் கவிழ்க்க இளவரசர் வில்லியம் இங்கிலாந்தில் வந்திறங்கிய செய்தி எட்டியதும், பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்து அடைத்தார்கள். அப்போது தேயிலையும் இல்லை, முத்திரைத் தாள் வரியும் இல்லை.

லண்டன் தரப்பிலும் நியாயம் இருந்தது. 1763-ல் முடிந்த ஏழாண்டுப் போரால் அமெரிக்க எல்லையும் பாதுகாப்புப் பெற்றது. லண்டனின் கடனோ சுமார் 13 கோடி பவுண்டாக ஏறியிருந்தது. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் கிடையாது, அவர்கள் வரி கட்டவில்லையா என்று கேட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கப் பல வாரங்கள் பிடித்த காலத்தில், நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்காததால் அங்கே ஓர் ஆட்சி தானாக வளர்ந்து நின்றது. லண்டன் அதைத் தன் சலுகை என்று நினைத்தது. குடியேறிகள் பிறப்புரிமை என்று நினைத்தார்கள். தொலைவு தானாகக் கலகம் செய்யாது. தொலைவில் வேரூன்றிய பழக்கத்தைப் பிடுங்கப் போனால்தான் கலகம் வருகிறது.

அப்படியானால் அதே மன்னரின் கீழிருந்த ஜமைக்கா ஏன் எழவில்லை என்பது இன்னும் கடினமான கேள்வி. அங்கேயும் சட்டசபை இருந்தது. 1774 டிசம்பரில் அது வட அமெரிக்கர்களுக்கு ஆதரவாக மன்னருக்கு மனுவும் அனுப்பியது. அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. அந்தத் தீவில் வெள்ளையர் ஒருவருக்குப் பத்து அடிமைகளுக்கு மேல். 1760-ல் டாக்கி தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி நினைவிலிருந்து அகலவில்லை. பேரரசின் பட்டாளம் இல்லாமல் தோட்ட முதலாளிகளால் நிம்மதியாகத் தூங்க முடியாது. வட அமெரிக்காவிலோ 1763-ல் பிரெஞ்சு ஆட்சி கனடாவைவிட்டுப் போனதும் மன்னரின் சிப்பாயைத் தேடவேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. குறை மட்டும் போதாது. காவல் இல்லாமல் வாழ முடியும் என்ற தைரியமும் வேண்டும். காக்க விரும்பிய சுயாட்சி யாருடையது என்பதும் இதில் அடக்கம். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, நூற்றுக்கணக்கான கறுப்பினத்தார் மன்னரின் பக்கம் ஓடினார்கள். அவர்களுக்கு எந்த ஊர்க்கூட்டத்திலும் இடம் இருந்ததில்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மாசசூசெட்ஸுக்குள்ளிருந்தே வருகிறது. 1786-ல் அதே உள்நாட்டு விவசாயிகள், அதே ஊஸ்டரில் மறுபடி நீதிமன்றத்தை மூடினார்கள். இம்முறை பாஸ்டனில் இருந்த தங்கள் சொந்த அரசுக்கு எதிராக. வரியும் கடனும் இப்போது நிஜமாகவே கழுத்தை நெரித்தன, ஆக வரியும் கலகத்துக்குப் போதும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கலகம் போன போக்கைப் பாருங்கள். முன்னாள் ராணுவ கேப்டன் டேனியல் ஷேஸின் ஆட்கள் 1787 தொடக்கத்தில் சிதறடிக்கப்பட்டார்கள். அந்த வசந்தத்திலேயே தேர்தல் வந்தது. படையை ஏவிய ஆளுநர் பௌடின் படுதோல்வி அடைந்தார், ஹான்காக் ஆளுநராக வந்தார், வரி தளர்ந்தது, கலகக்காரர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1774-ல் லண்டன் அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்ப ஊஸ்டர்க்காரர் கையில் அப்படி ஓர் ஓட்டு இருக்கவில்லை.